ஐரோப்பிய வெளியுறவு அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்: 1815-இல் எது நின்றது, எது உடைந்தது

மதிப்புக்குரிய அமைச்சர்களே,

உக்ரைன் போருக்குப் பிறகான ஐரோப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தாலே நெப்போலியனின் பிரான்சு தோற்றதை ஒட்டி 1814-15-இல் நடந்த வியன்னா மாநாட்டை உதாரணம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. வல்லரசுகள் கூடி உட்கார்ந்தன, வரைபடத்தைப் பங்கு போட்டன, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அவற்றுக்குள் போரே இல்லை என்கிறார்கள். ஐரோப்பிய உடன்படிக்கைகளைப் படிப்பதும் கற்பிப்பதுமே வேலையாக இருக்கும் எங்களுக்கு இது ஏற்புடையதாக இல்லை. பங்கு போட்ட இடங்கள்தான் முதலில் வெடித்தன. தொகை, தேதி, பொறுப்பாளர் மூன்றையும் தாளில் எழுதிய ஏற்பாடுகளே நின்றன.

மாநாடு முடிந்து, நெப்போலியனின் இறுதித் தோல்விக்குப் பிறகு, 1815 நவம்பர் 20-இல் கையெழுத்தான இரண்டாம் பாரிஸ் உடன்படிக்கையைப் பாருங்கள். தோற்ற பிரான்சு கட்ட வேண்டிய இழப்பீடு 70 கோடி பிராங்கு. அந்தத் தொகை உடன்படிக்கையிலேயே இருக்கிறது. அதை ஐந்து ஆண்டுகளில், நான்கு மாதத்துக்கு ஒன்றாக 15 சம தவணைகளில் கட்ட வேண்டும். வடக்கு, கிழக்கு எல்லைகளில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் தலைமையில் 1,50,000 நேசப்படையினர் இருப்பார்கள், செலவு பிரான்சுடையது. அதிகபட்சம் ஐந்து ஆண்டு, மூன்றாம் ஆண்டு முடிவில் மறுஆய்வு என்று காலவரையும் அங்கேயே உண்டு.

இந்தக் காலவரைதான் காரியத்தைச் சாதித்தது. தொகை முடிவாகத் தெரிந்ததால் பேரிங், ஹோப் வங்கிகள் 1817-இல் பிரெஞ்சு அரசின் கடன்பத்திரங்களை விற்றுக் கொடுக்க முடிந்தது. எவ்வளவு கட்ட வேண்டும் என்றே தெரியாத அரசுக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? ஒழுங்காகக் கட்டினால் அந்நியப் படை சீக்கிரம் போய்விடும் என்பதால் பாரிஸ் அரசுக்கும் கட்டுவதில் அக்கறை இருந்தது. 1817-இல் படை 30,000 பேர் குறைக்கப்பட்டது. 1818 அக்டோபரில் வல்லரசுகள் ஜெர்மனியின் ஆஹன் நகரில் கூடி, மிச்சத் தொகையை 26.5 கோடி என்று முடித்தார்கள். நவம்பர் 30-க்குள் படை வெளியேறியது. அதே கூட்டத்தில் பிரான்சு வல்லரசுகளின் வரிசையில் மறுபடி சேர்ந்தது.

முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனியுடன் 1919-இல் வெர்சாயில் நடந்தது இதற்கு நேரெதிர். இழப்பீட்டுத் தொகைக்கான இடத்தைக் காலியாக விட்டுவிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். 1921-இல்தான் 13,200 கோடி தங்க மார்க் என்று கணக்கு வந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் ஜெர்மனியில் வளர்ந்த கசப்பை நீங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள்.

ரைன் நதியும் இதே வகைதான். கரையோர நாடுகளின் ஆணையம் ஒன்றை, மாநாட்டின் முடிவுகளைத் தொகுத்த வியன்னா இறுதிச் சட்டம் ஏற்படுத்தியது. 1816-இல் மைன்ஸில் முதல் கூட்டம். இன்றும் ஸ்ட்ராஸ்பூர்கில் வேலை செய்கிறது. எங்கள் பக்கத்துக்கும் ஒரு துணுக்கு உண்டு: 1814-இன் முதல் பாரிஸ் உடன்படிக்கைதான் புதுச்சேரியையும் காரைக்காலையும் பிரான்சுக்குத் திருப்பித் தந்தது. கோட்டை கட்டக் கூடாது, காவலுக்குத் தேவையான அளவே சிப்பாய்கள் என்று அதன் 12-ஆம் பிரிவு தெளிவாகச் சொன்னது.

இனி உடைந்தவற்றுக்கு வருகிறோம். 1814 டிசம்பரில் வியன்னாவில் ஒரு புள்ளிவிவரக் குழு அமைந்தது. நெப்போலியனிடமிருந்து மீட்ட நிலங்களில் எத்தனை தலை என்று எண்ணுவதே அதன் வேலை. சுமார் 3 கோடியே 17 லட்சம் என்று கணக்குக் கொடுத்தது. ஜெர்மானிய அரசான பிரஷியாவுக்கு இத்தனை லட்சம் குறைகிறதா, அங்கிருந்து வெட்டி இங்கே ஒட்டு என்று பேரம் அதன்மேல் நடந்தது. எண்ணப்பட்டவர்களின் சம்மதத்தைக் கேட்க அந்தக் குழுவுக்கு அதிகாரமே கிடையாது.

ரஷ்யா, ஆஸ்திரியா, பிரஷியா மூன்றின் கீழும் பிரிந்து கிடந்த போலந்துக்காரர்களுக்குப் பிரதிநிதித்துவமும் தேசிய நிறுவனங்களும் உண்டு என்று இறுதிச் சட்டத்தின் முதல் பிரிவே வாக்களித்தது. கூடவே, அந்தந்த அரசு தகுந்ததென்று கருதும் அளவுக்கு என்று ஒரு வால். அந்த வால்தான் எல்லாவற்றையும் விழுங்கியது. 1830-31 எழுச்சியை அடக்கிய ரஷ்யா அடுத்த ஆண்டே போலந்தின் அரசமைப்பை ரத்து செய்தது. தட்டிக்கேட்க எந்த அமைப்பும் ஏற்படுத்தப்படவில்லை.

பெல்ஜியத்தின் கதை இன்னும் வேதனையானது. பிரான்சுக்கு அணை போட அதை ஹாலந்துடன் சேர்த்து ஒரே ராஜ்யமாக்கினார்கள். மக்கள்தொகையில் தெற்கு, அதாவது பெல்ஜியம், பெரியது. ஆனால் நாடாளுமன்றத்தில் இரு பக்கத்துக்கும் 55 இடம். 1815 ஆகஸ்டில் புதிய அரசமைப்பைத் தெற்கின் முக்கியஸ்தர்கள் 1,603 பேர் முன் வைத்தார்கள். எதிர்த்தவர்கள் 796, ஆதரித்தவர்கள் 527. அந்த ராஜ்யத்தின் மன்னர் வில்லெம் என்ன செய்தார்? வராத 280 பேரும் சம்மதித்ததாக வைத்துக்கொண்டார். மதக் காரணத்துக்காக எதிர்த்த 126 பேரையும் ஆதரவுப் பக்கம் மாற்றினார். அரசமைப்பு நிறைவேறியதாக அறிவிப்பு வந்தது. பதினைந்தே ஆண்டுகளில் பிரஸ்ஸல்ஸ் கிளர்ந்தது. அந்தப் பிரிவினையைச் சட்டப்படி முடித்துவைக்க 1839 வரை லண்டனில் பேச வேண்டியிருந்தது.

இதையெல்லாம் ஏன் உங்களுக்கு எழுதுகிறோம்? வியன்னாவில் படையெடுத்த நாடும் தோற்ற நாடும் ஒன்றே. உங்கள் மேஜையில் அப்படி அமையாமல் போகலாம். படையெடுப்புக்கு ஆளான உக்ரைனை வெளியே நிறுத்திவிட்டுக் கோடு போட்டால், அது 1818-இன் பிரான்சாக முடியாது. போலந்தாகவும் பெல்ஜியமாகவுமே முடியும். ஆகவே நாங்கள் கேட்பது: உக்ரைன் பிரதிநிதிகள் முதல் கூட்டத்திலிருந்தே, எல்லைக் குழுவிலும் சேர்த்து, வாக்குரிமையுடன் உட்கார வேண்டும். கைமாறும் என்று பேசப்படும் எந்த ஊரின் மக்களையும், போரால் துரத்தப்பட்டவர்களையும் சேர்த்து, அந்நியத் துப்பாக்கி இல்லாத சூழலில் கேட்காமல் எதுவும் இறுதியாகக் கூடாது. இழப்பீட்டுத் தொகை, தவணை, தடைகள் தளரும் நிபந்தனை, மறுஆய்வுத் தேதி எல்லாம் மூல உடன்படிக்கையிலேயே இருக்க வேண்டும். பிற்சேர்க்கையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். பாதுகாப்பு உறுதி தரும் நாடு எத்தனை படையினரை, எத்தனை நாளுக்குள் அனுப்பும் என்று எண்ணில் எழுதுங்கள். 1815 ஜனவரி 3-இல் ஆஸ்திரியா, பிரிட்டன், பிரான்சு மூன்றும் ரகசியமாகச் செய்துகொண்ட ஒப்பந்தத்திலேயே ஆளுக்கு 1,50,000 பேர் என்று எழுதிக்கொண்டார்கள். வரைவில் ‘தகுந்த அளவுக்கு’, ‘இயன்ற வரை’ என்று எங்கெல்லாம் வருகிறதோ, கையெழுத்துக்கு முன்பே அங்கெல்லாம் கோடு கிழியுங்கள்.

இப்படிக்கு,
ஐரோப்பிய உடன்படிக்கை வரலாற்றைப் படிப்பவர்களும் கற்பிப்பவர்களும்