திருப்பிக் கொடுத்த வாத்தியம்

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. பியானோவுக்கு மூத்த வாத்தியமான அந்த வாடகை ஹார்ப்சிகார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், புது ஊரில் இரண்டே மாணவர்கள், 38 வயதில் மறுபடி முதலிலிருந்தா அம்மா என்று கேட்டாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீ ஐரோப்பா போன புதிதில் ஹார்ப்சிகார்ட் வாசித்த வாண்டா லாண்டோவ்ஸ்கா அம்மாளின் பதிவுகளை அனுப்பினாயே, ராத்திரி அவற்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பியானோவில் சுத்தி தந்தியை அடிக்கும், ஹார்ப்சிகார்டில் சின்ன அலகு ஒன்று தந்தியை மீட்டிவிட்டுப் போகும் என்று நீ சொன்ன அன்றே அது எனக்கு நம் வீட்டு வாத்தியம் ஆகிவிட்டது. கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் நாதம் பெரிதாகாது. ஒரு ஸ்வரத்தை எப்போது எடுப்பது, எவ்வளவு நேரம் விட்டுவைப்பது என்பதில்தான் உணர்ச்சியே இருக்கிறது. அதை அந்த அம்மாள் வாசித்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

அவர் 1879இல் வார்சாவில் பிறந்தவர். 1900இல் பாரிஸ் போனார். ஹார்ப்சிகார்டை எல்லோரும் காட்சிப்பொருளாகப் பார்த்த காலத்தில், ஜெர்மன் இசைமேதை பாக்கின் (Bach) இசையை அதில்தான் வாசிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 1913இல் பெர்லினில் அந்த வாத்தியத்துக்கென்றே வகுப்பு எடுக்கப் போனார். அடுத்த வருஷமே போர் வந்து, அது முடியும்வரை அங்கேயே அடைபட்டார். 1919இல் கணவரைக் கார் விபத்தில் இழந்தார். இவ்வளவுக்கும் பிறகு, பாரிசுக்கு வடக்கே சான்-லூ-லா-ஃபொரே என்ற சிற்றூரில் வீடு வாங்கிப் பள்ளி தொடங்கினார். தோட்டத்திலேயே கச்சேரி மண்டபம், பல நாட்டுப் பிள்ளைகள், சேர்த்து வைத்த பழைய வாத்தியங்கள், பெரிய நூலகம். பாக்கின் பெரிய படைப்பான கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் முழுவதையும் 1933இல் அங்கேதான் வாசித்தார்.

1940 மார்ச்சில் பாரிசில் அவர் பதிவு செய்த, ஸ்கார்லாட்டி என்ற பழைய இசையமைப்பாளரின் சொனாட்டாக்களை நேற்று மூன்று முறை கேட்டேன். ஒரு சொனாட்டாவின் நடுவே வெளியே பீரங்கி வெடிக்கிறது. அவர் கை நிற்கவில்லை. கண்ணை மூடிக் கேள், உனக்கும் உடம்பு சிலிர்க்கும்.

அதற்குச் சில மாதங்களில் ஜெர்மன் படை வந்தது. யூதக் குடும்பத்தில் பிறந்தவர், இருக்க முடியுமா? மாணவி தெனீஸ் ரெஸ்தூவைக் கூட்டிக்கொண்டு தெற்கே ஓடினார். பின்னாலேயே நாஜிகள் அந்த வீட்டுக்குள் புகுந்து, வாத்தியங்களையும் புத்தகங்களையும் பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு போனார்கள். போர் முடிந்தும் எல்லாம் திரும்பி வரவில்லை. நம் வீணையின் மெட்டுகளைப் புதிதாகப் பதித்து மேளம் கட்ட யாரிடமாவது கொடுத்தாலே இரண்டு நாள் நான் படும் பாடு உனக்குத் தெரியும். ஒரு வீடு நிறைய வாத்தியங்களை விட்டுவிட்டுப் போன அந்த மனசை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது.

1941 டிசம்பர் 7 அன்று, பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட அதே நாளில், நியூயார்க்கில் இறங்கினார். வயது 62. இரண்டரை மாதம்தான். 1942 பிப்ரவரி 21இல் அங்குள்ள டவுன் ஹால் கச்சேரி அரங்கில் மறுபடி அதே கோல்ட்பெர்க். அப்புறம் மறுபடி மாணவர்கள், மறுபடி பாடம். 70 வயது வாக்கில் பாக்கின் பிரிலூட், ஃபியூகு என்ற 48 ஜோடி உருப்படிகளைப் பதிவு செய்யத் தொடங்கி 1954இல் முடித்தார். 1959இல் கனெக்டிகட்டின் லேக்வில்லில் கண்ணை மூடும்வரை தெனீஸ் கூடவே இருந்தாள். அவர் எழுதி வைத்ததையெல்லாம் தொகுத்துத் தந்தவளும் அவள்தான்.

அவர் வாசித்தது பிளேயல் கம்பெனி செய்த ஹார்ப்சிகார்ட், கனமானது, பழைய ஹார்ப்சிகார்ட் அப்படி இருந்ததே இல்லை, இப்போது பெரும்பாலோர் அதை ஒப்புக்கொள்வதில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். சரி, உனக்குத்தான் தெரியும். ஆனால் அவர் அந்தக் கதவைத் திறக்காமல் இருந்திருந்தால் நீ இன்று பழைய முறையில் செய்த வாத்தியத்தில் வாசித்திருப்பாயா என்று எனக்குச் சந்தேகம்தான்.

அப்பாவுக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தபோது என்னிடம் வீணை கற்க முதலில் வந்தது எதிர் வீட்டுச் சிறுமி. ஆறு மாதம் அவள் ஒருத்திதான். ஆரம்பப் பாடமான மாயாமாளவகௌளை ராக வரிசைகளை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததுபோல் வேறு யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. உனக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள்.

வாத்தியத்துக்கு அப்பா கொஞ்சம் பணம் அனுப்புகிறார். வேண்டாம் என்று சொல்லாதே. சனிக்கிழமை அந்தப் பிள்ளைகள் வரும்போது எனக்குப் போன் போட்டு மேஜைமேல் வைத்துவிடு. இப்போதைக்கு அந்தச் சின்ன கீபோர்டில்தான் சொல்லிக் கொடுப்பாய், இருக்கட்டும். நீ பாடம் சொல்லும் குரலைக் கேட்க வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா