செல் என்கிற சிற்றறை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். பெரியவனுக்கு வேறு வேலை கிடைத்திருக்கிறது. இனி இரவு ஷிஃப்ட் கிடையாது என்பதில் அவன் அம்மாவுக்குப் பெரிய நிம்மதி.

உன் பேத்தி கேட்ட கேள்வியைப் படித்ததும் உடனே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். உடம்பில் இருப்பதும் செல், டார்ச் விளக்கில் போடுவதும் செல், காதில் வைத்துப் பேசுவதும் செல். மூன்றும் ஒரே சொல்லா என்கிறாள். ஒரே சொல்தான் என்று தைரியமாகச் சொல். ஆங்கிலத்துக்குச் சொற்பஞ்சம், அதனால் ஒன்றையே எல்லாவற்றுக்கும் இழுக்கிறார்கள் என்று நீ அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தச் சொல் போன வழி அவ்வளவு அழகானது.

லத்தீனில் 'செல்லா' என்றால் சின்ன அறை, சரக்கு வைக்கும் அறை. நிலவறையைக் குறிக்கும் 'செல்லார்' என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். ரோமானியர்கள் தங்கள் கோயிலில் தெய்வச் சிலை நிற்கும் உள்ளறையையும் செல்லா என்றே அழைத்தார்கள். அப்புறம் அது கிறித்தவத் துறவிகளிடம் போனது. மடத்தில் ஒரு துறவி தனியாக இருந்து ஜெபிக்கும் அறை, செல்.

அங்கிருந்து சிறைக்குப் போனது. இந்த இடத்தில் எனக்கு மனம் கனக்கிறது. துறவிக்குத் தனிமை நல்லது செய்கிறதே, குற்றவாளிக்கும் செய்யாதா என்று உண்மையிலேயே நம்பியவர்கள் இருந்தார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1829-ல் திறந்த ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை அந்த நம்பிக்கையில் கட்டியதுதான். ஆளுக்கு ஓர் அறை, யாரோடும் பேச்சில்லை, யோசித்து மனம் திருந்த வேண்டும். அந்தத் தனிமை முறையை அங்கே முறைப்படி கைவிட 1913 வரை ஆயிற்று. துறவி தானாக விரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். கைதியை வெளியிலிருந்து பூட்டுகிறார்கள். அறை ஒன்றாகவே இருக்கலாம், உள்ளே இருப்பவனுக்கு அது ஒன்றல்ல.

சரி, உயிரியலுக்கு வருகிறேன். ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி தக்கையை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார். தேனடை போலச் சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன. 1665-ல் வெளியிட்ட நூலில் அவற்றுக்கு செல் என்று பெயர் கொடுத்தார். அதோடு விடவில்லை, எண்ணியும் பார்த்தார்! ஓர் அங்குல நீளத்தில் 1,080 அறைகள். அப்படியானால் ஒரு கன அங்குலத்தில் 125 கோடிக்கும் மேல். தன் கணக்கைத் தானே நம்ப முடியாத வியப்போடு அதை அவர் எழுதியிருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் அவர் பார்த்தது செத்துப்போன தக்கை. உள்ளிருந்த உயிர்ப்பொருள் போய், சுவர் மட்டும் மிஞ்சியிருந்தது. அதனால்தான் அது வெற்று அறையாகத் தெரிந்தது. செடிகளெல்லாம் செல்லால் ஆனவை என்று ஷ்லெய்டன் 1838-லும், விலங்குகளும் அப்படியே என்று ஷ்வான் 1839-லும், இரண்டு ஜெர்மானிய விஞ்ஞானிகள், சொன்னபோது உள்ளே இருப்பதுதான் முக்கியம் என்று புரிந்துவிட்டது. பெயர் மட்டும் அறை என்றே நின்றுவிட்டது. உயிருள்ள செல்லின் சவ்வு மூடிய சுவர் இல்லை. உப்பும் நீரும் சர்க்கரையும் ஓயாமல் போய்வரும் வாசல்கள் அதில் ஏராளம். முதுகுத்தண்டின் அடியிலிருந்து கால் விரல் வரை போகும் நரம்பு செல் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அதைப் போய்ச் சிற்றறை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

டார்ச் செல் கதை சுருக்கமானது. இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா 1800-ல், உலோகத் தகடுகளை அடுக்கி மின்சாரம் எடுக்கும் தன் மின்னடுக்கைப் பற்றி அறிவித்தார். அதற்குப் பின் வந்த ஒரு வகையில் நீளமான மரத்தொட்டியை உலோகத் தகடுகளால் தடுத்துத் தடுத்து, ஒவ்வொரு தடுப்பிலும் அமிலக் கரைசலை ஊற்றினார்கள். ஒவ்வொரு தடுப்பும் ஓர் அறை. பல செல் சேர்ந்தால்தான் பேட்டரி. பேட்டரி என்பது முதலில் பீரங்கி வரிசைக்கு இருந்த பெயர். கார் பேட்டரியைப் பார், இரண்டு வோல்ட் செல் ஆறு சேர்ந்து பன்னிரண்டு வோல்ட்.

கைபேசியில் உள்ள செல் கருவியின் பெயர் இல்லை. இதைப் பேத்திக்கு நிதானமாகச் சொல், பெரியவர்களுக்கே தெரியாது. 1947-ல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில் ஒரு யோசனை எழுந்தது. ஊர் முழுவதற்கும் ஒரே பெரிய கோபுரம் வைத்தால் ஒரே நேரத்தில் சிலர்தான் பேச முடியும். அதற்குப் பதில் நிலப்பரப்பை அறுகோணங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய நிலையம் வைத்தால், தள்ளியுள்ள அறுகோணத்தில் அதே அலைவரிசையைத் திரும்பப் பயன்படுத்தலாம். அந்த அறுகோணம்தான் செல். நீ பேசிக்கொண்டே பயணம் செய்யும்போது ஒரு செல் உன்னை அடுத்ததன் கையில் ஒப்படைக்கிறது. கையில் பிடித்துப் பேசும் கருவியில் மார்ட்டின் கூப்பர் என்ற அமெரிக்கப் பொறியாளர் முதல் அழைப்பைச் செய்தது 1973-ல். நாம்தான் கருவியையே செல் என்று சொல்லப் பழகிவிட்டோம்.

எக்செல் தாளில் உள்ள கட்டமும் செல். ஒரு தாளில் 1,717 கோடிக்கும் மேல் இருக்கின்றன, நிரப்பத்தான் ஆளில்லை. ரகசிய இயக்கங்களின் சிறு குழுவும் செல்தான். ஒரு குழுவுக்கு அடுத்த குழுவைத் தெரியாது, ஒருவர் பிடிபட்டால் மற்றவர்கள் தப்பிக்க அப்படி.

இத்தனையிலும் தனித்தனியாகத் தடுத்த சிறு இடம், அது போல இன்னும் பல என்கிற ஒரே படம்தான் ஓடுகிறது. தேவை வந்த இடத்திலெல்லாம் புதிதாக ஆள் தேடாமல், அந்தப் படத்தை அறிந்த சொல்லையே கூப்பிட்டார்கள். இதைப் பஞ்சம் என்று எப்படிச் சொல்வது?

ஒன்று, உன் பழைய ஏடுகளைச் செல் அரித்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, அந்தச் செல் நம் கறையான். அது இந்தக் குடும்பமே இல்லை. விற்பதற்கான ஆங்கிலச் சொல்லும் தமிழில் எழுதினால் செல்தான், அதற்கும் இதோடு உறவில்லை. தற்செயலாக ஒலி ஒத்துப்போவதற்கு அவை இரண்டையும் உதாரணமாகக் காட்டலாம்.

ஏடுகளில் எவ்வளவு மிஞ்சியது? படிக்கிற நிலையில் இருப்பதை முதலில் படம் பிடித்து வை, பிரித்துப் பார்ப்பதெல்லாம் பிறகு. உன் கண் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்ததும் எழுது, நான் வந்து கூட இருக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்