சித்தப்பாவுக்கு, ஞாயிற்றுக்கிழமை பறை வகுப்பு பற்றி

சித்தப்பா,

வர்ற ஞாயிறு நான் ஆரம்பிக்கிற பறை வகுப்பின் முதல் நாள். அது வேண்டாம் என்று நைனாவிடம் நீ கத்தியதை அம்மா சொன்னாள். என்னிடமே கத்தியிருக்கலாம். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் இங்கே எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடம் என்பதால் தெரு பேரையும் உன் பேரையும் விட்டுவிட்டேன்.

ஆயா சாவன்று நீ ஆடியதைப் பற்றி நாம் ஒருநாளும் பேசியதில்லை.

மேளத்துக்கு வந்த செட்டில் ஒரு சின்னப் பையன். அடி தப்பித் தப்பி விழுந்தது. நீ டியூட்டி சட்டையோடு பந்தலில் குந்தி பூக்காரருக்குக் கணக்கு முடித்துக்கொண்டிருந்தாய். ரெண்டு தடவை திரும்பி முறைத்தாய். அப்புறம் எழுந்து போய் அவன் தோளிலிருந்து பறையைக் கழற்றினாய். பழைய பேப்பரைக் கொளுத்தி, தோலை அனலில் சுற்றிச் சுற்றிக் காட்டி, விரல் முட்டியால் தட்டினாய். சப்பென்று இருந்தது. மறுபடியும் காட்டினாய். கணீரென்று கேட்ட பிறகுதான் இடக்கையில் சுண்டுக்குச்சி, வலக்கையில் அடிக்குச்சி.

முன்னால் ரெண்டு எட்டு, பின்னால் ஒண்ணு, அரைச் சுற்று. பக்கத்து ஆளைப் பார்க்காமல் திரும்பினால் தோள் இடிக்கும். வீட்டுப் பங்கு தகராறில் முகம் பார்க்காமல் இருந்த பெரிய மாமாவும் நைனாவும் உன் பின்னால் ஒரே வரிசையில் நின்று, ஒருத்தர் காலை ஒருத்தர் பார்த்து ஆடினார்கள். பஞ்சாயத்து பேசியவர்களால் ஆகாத வேலை. கூலிக்கு வந்த அந்தப் பையனும் மாமா பக்கத்தில்தான். அந்த நேரத்துக்கு மாமன், மச்சான், முதலாளி எல்லாம் அடிக்கு அப்புறம்தான்.

தெரு முனை வந்தது. "பொம்பளைங்க இத்தோட நில்லுங்க" என்றது உன் குரல்தான்.

படுக்கையில் கிடந்த ஆயாவுக்குப் பீ, மூத்திரம் அள்ளியது அம்மா. மூலகொத்தளம் சுடுகாடு வரைக்கும் போனது, குடித்துவிட்டு வந்த பக்கத்துத் தெரு ஆளுங்க. வரிசையில் நிற்கக் கற்றுக்கொடுத்த அதே ஆட்டம்தான் யார் முனையோடு நிற்க வேண்டும் என்றும் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. நீ அழகாக ஆடினாய். அன்றைக்கு உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

மறுநாள் உன் ஆபீசில் உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். அது உன்னுடையது.

நீ சொல்கிற நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. சாவுக்கு அடி என்று ஊர் நம் தலையில் கட்டிய வேலை அது. அடிக்க மாட்டோம் என்று சொல்லி அடி வாங்கிய ஊர்களும் உண்டு. தாத்தா வாங்கிய கூலியும் அதை நீட்டிய கையும் உனக்குத்தான் தெரியும். பறை அடிக்கிற அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது நான் துள்ளிக் குதித்தேன். "டெல்லில விருது, ஊர்ல அதே கூலி" என்று நீ டீயை ஆற்றிக்கொண்டிருந்தாய். அதுவும் சரிதான்.

ஆனால் பறையை விட்டது நீ. எனக்கு விடுவதற்குக்கூட ஒன்றும் கொடுக்கவில்லையே சித்தப்பா? இதையெல்லாம் நான் யூடியூபில் பார்த்தா கற்றுக்கொள்ள வேண்டும், வீட்டில் நீ இருக்கும்போது? திண்டுக்கல்லில் சந்திரா சிஸ்டரின் சக்தி கலைக்குழுவில் நம்ம மாதிரி வீட்டுப் பெண்கள் பறை கட்டி எத்தனையோ வருஷமாக ஆடுகிறார்கள். இங்கே புளியந்தோப்பில் நான் கேட்டால் மட்டும் குடும்ப மானம் போகிறது.

உன்னைக் கேட்காமல் முடிவு பண்ணினேன். மன்னித்துக்கொள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், அப்புறம் உன் பேச்சை மீறியவள் ஆகியிருப்பேன். அதற்கு இதுவே மேல்.

வகுப்பிலிருந்து யாரையும் சாவுக்கு அனுப்ப மாட்டேன். குடித்துவிட்டு வருகிறவனுக்குக் குச்சி கிடையாது. ஏழு பொண்ணுங்க, நாலு பசங்க. வரிசையில் முன்னால் யார் என்பது வாரா வாரம் மாறும்.

இன்னொரு விஷயம். அரைச் சுற்றில் இடது கால் முதலில் போகணும் என்கிறேன் நான், வலது என்கிறார் மாஸ்டர். நீ அன்றைக்கு இடதைத்தான் வைத்தாய் என்று நினைவு. நேரில் வர வேண்டாம். அம்மாவிடம் சொல்லி அனுப்பினால் போதும், சனிக்கிழமைக்குள்.

உன் பெரிய பொண்ணு