பழைய தோல் கைப்பைக்கு எண்ணெய்க் குளியல் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் வார இணைப்பின் வீட்டுக் குறிப்புகளில், பழைய தோல் கைப்பையைப் புதுசு போல ஆக்குவது எப்படி என்று ஒரு பத்தி வந்திருந்தது. வினிகரும் எண்ணெயும் கலந்து தேய்க்க வேண்டுமாம், கறை இருந்தால் பேக்கிங் சோடாவாம், அதற்கும் போகாவிட்டால் டூத்பேஸ்டாம், கடைசியில் நல்ல வெயிலில் ஒரு நாள் முழுக்கக் காயவைக்க வேண்டுமாம். எழுதியவர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, இதே குறிப்புதான் ரொம்ப காலமாக ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டுச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது அலமாரியில் இருக்கும் அம்மாவின் பையையோ பாட்டியின் பையையோ எடுத்து இந்த வைத்தியத்தைச் செய்தால், முப்பது நாற்பது வருஷம் தாங்கிய பொருள் ஒரே மத்தியானத்தில் போய்விடும். பழைய தோல் பைகளைச் சுத்தம் செய்து சரிபண்ணுவது எனக்கு நெடுநாள் பழக்கம். என் கைக்கு வந்ததில் வயசாகிக் கெட்ட பைகளைவிட யாரோ வைத்தியம் பார்த்துக் கெடுத்த பைகள்தான் அதிகம்.

முதலில் சோடாவும் வினிகரும். பதனிட்ட தோல் லேசான அமிலத்தன்மை உள்ள பொருள், பிஎச் கணக்கில் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஏறத்தாழ 3.5-இலிருந்து 5 வரை. சாதாரண சோப்புக்கட்டி 9, 10 என்று நிற்கும், பேக்கிங் சோடா கரைசல் 8-ஐத் தாண்டும். இவ்வளவு காரம் திரும்பத் திரும்ப ஏறினால், தோலைப் பதப்படுத்திய பொருளும் உள்ளே இருக்கும் கொழுப்பும் இழைகளை விட்டுக் கழன்று வரத் தொடங்கும், காய்ந்ததும் பை விறைத்துப்போகும். சரி, அமிலம்தானே தோலுக்கு ஒத்துவரும், அப்படியானால் வினிகர் நல்லதுதானே என்று கேட்பார்கள். வினிகர் 2.5 பக்கம் இருக்கிறது, அது தோலின் அளவைத் தாண்டி அடுத்த ஓரத்துக்குப் போய்விட்டது. டூத்பேஸ்டில் பல்லைத் தேய்ப்பதற்கான நுண்ணிய பொடி இருக்கிறது, கறை போவதாகத் தெரிகிறதே, அது மேல்பூச்சையும் சேர்த்துச் சுரண்டி எடுப்பதால்தான். குழந்தைகளைத் துடைக்கிற ஈர வைப்ஸும் ஒரு தடவைக்கு ஒன்றும் செய்யாது, வாரா வாரம் துடைத்துக்கொண்டிருந்தால் கைபடும் இடமெல்லாம் நிறம் வெளுத்துவிடும்.

எண்ணெய் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோருக்கும் அதில்தான் ஆசை. தோலுக்குக் கொழுப்பு தேவை என்பது உண்மை. அதை உற்பத்தியாளர்களே பதனிடும் சமயத்தில் நீரோடு குழம்பாக்கி இழைகளுக்கு நடுவே ஏற்றிவிடுகிறார்கள், அதனால்தான் தோல் வளைகிறது. நாம் மேலிருந்து தேய்க்கும் சமையல் எண்ணெய் அப்படி ஒழுங்காகப் போய் உட்காராது. ஆலிவ் எண்ணெய் சில மாதங்களில் காறல் வாடை அடிக்கும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைகிற சாமான், குளிர்ந்த அலமாரியில் வெள்ளை வெள்ளையாக மேலே பூத்து நிற்கலாம். ஆளிவிதை எண்ணெய் இன்னும் மோசம், அது காற்றுப்பட்டால் வார்னிஷ் மாதிரி இறுகிவிடும். தேய்த்த அன்று பை பளபளவென்று இருக்கும், அதில்தான் எல்லோரும் ஏமாந்துபோகிறார்கள். அப்புறம் நிறம் கறுக்கும், தூசி ஒட்டும், நிமிர்ந்து நின்ற பை தளர்ந்து சாயும். உள்ளே போன எண்ணெயை வீட்டில் வைத்து முழுதாக வெளியே எடுக்கவும் முடியாது.

இது என் சொந்தப் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில் நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் தோல் அட்டைப் புத்தகங்களுக்கு லனோலின் என்ற ஆட்டு ரோமக் கொழுப்பு, தேன்மெழுகு, சிடார் மர எண்ணெய் எல்லாம் கலந்த ஒரு பூச்சைத் தாராளமாகப் பூசினார்கள், அதற்கு 'பிரிட்டிஷ் மியூசியம் லெதர் டிரெஸ்ஸிங்' என்றே பெயர். பிற்பாடு பிசுபிசுப்பு, கறுப்பு, தூசி, வெண்பூப்பு என்று ஒவ்வொன்றாகத் தெரியவந்ததும் பழம்பொருள் பாதுகாப்பாளர்களில் பெரும்பாலோர் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டார்கள். கையில் எடுத்துப் புழங்குகிற பைக்கு வளைவு வேண்டும் என்பதால் நான் கண்டிஷனரை அடியோடு வேண்டாம் என்று சொல்லவில்லை, தோலுக்கென்றே செய்த கிரீமை விரல் நுனியில் எடுக்கிற அளவு துணியில் தடவி, வருஷத்துக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை மெல்லிசாகப் பூசினால் போதும்.

ஆனால் எதைப் பூசுவதற்கும் முன்னால் கையில் இருப்பது என்ன தோல் என்று பார்க்க வேண்டும். அந்தக் குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. மூடியின் உட்பக்கம் மாதிரி கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு அப்படியே நின்றால் மேலே நிறமிப் பூச்சு இருக்கிறது, ஈரத்துணிக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் கிரீமும் உள்ளே அவ்வளவாகப் போகாது. உறிஞ்சிக்கொண்டு அந்த இடம் கறுத்தால் அது பூச்சில்லாத தோல், தண்ணீரோ கிரீமோ எது பட்டாலும் அடையாளம் பதியும். ஸ்வேட், நூபக் என்று பொசுபொசுவென்று இருப்பவற்றில் கிரீம் படவே கூடாது, அதற்குரிய பிரஷும் ரப்பரும் மட்டும்தான். வெட்டிய ஓரம் எங்காவது தெரிந்தால் அதையும் பாருங்கள். நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டது, முழுக்கப் பழுப்பாக இருந்தால் மரப்பட்டைச் சாறு போன்ற தாவரப் பொருளில் பதனிட்டதாக இருக்கலாம். ஓரத்தில் துணி தெரிந்து, மேலே படலம் படலமாக உரிந்தால் அது தோலே இல்லை, துணிமேல் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூசியது. அதற்கு எந்தக் கிரீமும் உயிர் கொடுக்காது, வீணாக மெனக்கெட வேண்டாம்.

சுத்தம் செய்வதில் பாதிக்கு மேல் உலர் வேலைதான். உள்ளே இருப்பதைக் கொட்டி, லைனிங்கை வெளியே இழுத்து உதறி, தையல் இடுக்கில் சேர்ந்த துகளை மென்மையான பிரஷால் தட்டி, வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்தாலே பல பைகள் வேறு பை மாதிரி தெரியும். அதற்கும் மேலே வேண்டுமென்றால் தோலுக்கென்று விற்கும் கிளீனரைத் துணியில் கொஞ்சம் எடுத்து ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை முழுப் பகுதியையும் துடையுங்கள், கறை இருக்கும் இடத்தை மட்டும் துடைத்தால் காய்ந்ததும் வட்டமாக வளையம் விழும். தாவரப் பதனீட்டுத் தோலுக்குக் காய்ச்சி வடித்த நீர் நல்லது. குழாய்த் தண்ணீரில் இரும்பு இருந்தால் அது தோலைப் பதனிட்ட தாவரச் சாற்றில் இருக்கும் டானின் என்ற பொருளோடு சேர்ந்து கருநீலப் புள்ளிகளாக நின்றுவிடும். பழைய காலத்து எழுதுகிற மையைத் தயாரித்தது இதே வினையை வைத்துத்தான், ஆகவே அது எவ்வளவு அழுத்தமாகப் பிடிக்கும் என்று புரிந்துகொள்ளலாம். இரும்பு நார் வைத்துத் தேய்ப்பதும் இதனாலேயே கூடாது.

அடுத்து அந்த வெயில். ஈரத்தோடு இருக்கும் தோல் ஒரு குறிப்பிட்ட சூட்டில் சட்டென்று சுருங்கிவிடும், சுருங்கினால் சுருங்கியதுதான். தாவரப் பதனீட்டுத் தோலுக்கு அந்தச் சூடு சுமார் 70-இலிருந்து 85 டிகிரி, குரோம் தோலுக்கு 100 பக்கம். இதெல்லாம் நல்ல நிலையில் இருக்கும் தோலுக்கு, நலிந்துபோன பழைய தோலில் இது இன்னும் கீழே இறங்கிவிடும். ஹேர் டிரையரை நெருக்கமாகப் பிடித்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வெயில் சாயத்தை வேறு வெளுக்கும். நிழலில், காற்றாடும் இடத்தில், உள்ளே ஏதாவது திணித்து வடிவம் கெடாமல் வைத்தால் போதும். திணிப்பதற்குச் செய்தித்தாள் வேண்டாம், ஆசிரியர் மன்னிக்கவும், உங்கள் அச்சு மை வெளிர் நிற லைனிங்கில் அழகாகப் பதியும். வெள்ளைத் தாளோ சுத்தமான பருத்தித் துணியோ திணியுங்கள்.

இன்னொரு ஆபத்தான வழக்கமும் பரவிவருகிறது, பையை அப்படியே தொட்டித் தண்ணீரில் முக்கி எடுப்பது. இது எங்கிருந்து வந்தது என்றால், 1941-இல் நியூயார்க்கில் தொடங்கிய கோச் நிறுவனத்தின் பழைய பைகளைச் சேர்ப்பவர்களிடமிருந்து. 1962-இல் அங்கே சேர்ந்த போனி கேஷின் என்ற வடிவமைப்பாளர் கொண்டுவந்த திருகு பூட்டு இன்றைக்கும் அந்தப் பைகளின் அடையாளம். அந்தக் காலத்துக் கோச் பைகளில் நிறைய, லைனிங்கோ உள் அட்டையோ இல்லாமல் தடிமனான ஒற்றைத் தோலில் தைத்தவை, அதனால் முக்கி எடுத்தாலும் சில சமயம் பிழைத்துவிடுகின்றன. எனக்கு அதிலேயே உடன்பாடு இல்லை, சாயம் ஓடிய கதைகளும் உண்டு. இதைப் பார்த்துவிட்டு உள்ளே அட்டையும் பசையும் வைத்துச் செய்த பையையோ, சானல் என்ற பிரெஞ்சு நிறுவனம் 1955-இல் கொண்டுவந்த 2.55 என்ற பை மாதிரி அடுக்கடுக்காகத் தைத்த மெத்தைத் தையல் பையையோ முக்கினால், அட்டை ஊறும், பசை விடும், லைனிங் சாயம் தோலுக்கு ஏறும். அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

பூஞ்சை என்று நினைத்துப் பயப்படும் வெள்ளைப் படிவு சில சமயம் பூஞ்சையே இல்லை, உள்ளே இருக்கும் கொழுப்பு மேலே வந்து பூத்தது. லேசாகச் சூடு காட்டினால் கொழுப்பு உருகி மறையும், பூஞ்சை மறையாது, அதில் மக்கிய வாடையும் இருக்கும். பூஞ்சையென்றால் வீட்டுக்கு வெளியே, மாஸ்க் போட்டுக்கொண்டு பிரஷால் தட்ட வேண்டும், பிறகு ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரும். வாடைக்கு வாசனைத் திரவியம் அடிக்காதீர்கள், இரண்டு வாடையும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று வரும். ஒரு மூடிய பெட்டிக்குள் பையையும் திறந்த கிண்ணத்தில் செயலூட்டிய கரியையும் வைத்துச் சில நாள் விட்டுவிடுங்கள். பேக்கிங் சோடாவுக்கு நான் இடம் கொடுப்பது இங்கே மட்டும்தான், அதுவும் கிண்ணத்தோடு, தோலில் படாமல்.

பேனா மைக்கு ஹேர் ஸ்பிரே என்பார்கள். அதில் இருக்கும் ஆல்கஹால் மையைக் கரைப்பது நிஜம், கூடவே மேல்பூச்சையும் கரைக்கும், பூச்சில்லாத தோலில் மையைப் பரப்பியும் விடும். பழைய மைக்கோட்டை அப்படியே விட்டுவிடுவதுதான் என் வழக்கம். கைப்பிடியில் வியர்வையும் சருமத்து எண்ணெயும் ஏறிக் கறுத்ததும் அப்படித்தான். நிறம் போன மூலைக்கு ஷூ பாலிஷ் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை, ஷூ உங்கள் உடுப்பில் உரசாது, பை நாள் முழுக்க உரசும், பாலிஷ் அதில்தான் இறங்கும். தோலுக்கான அக்ரிலிக் நிறமியை மெல்லிய பூச்சாகப் போட்டு, காய்ந்ததும் மறுபடி போட்டு, மேலே பாதுகாப்புப் பூச்சும் கொடுத்தால்தான் நிற்கும்.

கொக்கி, வளையங்களில் பச்சையாக மெழுகு போல ஒட்டியிருக்கும் களிம்பு, பித்தளையில் இருக்கும் செம்பும் தோலில் இருக்கும் கொழுப்பும் சேர்ந்து வந்தது. எண்ணெய் தேய்க்கத் தேய்க்க இதுவும் கூடும். மரத்துப் பல்குச்சியால் சுரண்டி எடுக்கலாம். பித்தளை பாலிஷ் போடுவதற்கு முன் அது கெட்டிப் பித்தளையா முலாமா என்று பாருங்கள், முலாமென்றால் பாலிஷோடு தங்க நிறமும் துணிக்கு வந்துவிடும். உலோக ஜிப் இறுகினால் பல்லில் தேன்மெழுகோ பென்சில் முனையோ தேய்த்தால் ஓடும். தையல் விட்டிருந்தால் பழைய ஓட்டைகளிலேயே, மழுங்கிய ஊசியால், அதே தடிமன் நூலால் தையுங்கள். புது ஓட்டை போட்டால் தோல் அங்கே கிழியும். உடனடிப் பசை இறுகி நொறுங்கும், வேண்டாம்.

உள்பை பிசுபிசுவென்று ஒட்டி, கருப்பாகக் கையில் வருகிறதா? அழுக்கு இல்லை, லைனிங்கில் பூசிய பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தில் சிதைந்தது. கழுவினால் போகாது, அந்த லைனிங்கை எடுத்துவிட்டு வேறு துணி வைத்துத் தைப்பதுதான் வழி, வெளித் தோல் நன்றாக இருந்தால் அந்தச் செலவு தகும். தொட்டாலே செம்பழுப்புப் பொடி உதிர்கிற பை என்றால் கதை வேறு. தாவரப் பதனீட்டுத் தோல், காற்றில் இருக்கும் கந்தக டை ஆக்சைடு போன்றவற்றால் பல வருஷமாக அரிக்கப்பட்டு இழை அறுந்து நிற்கும் நிலை அது. கிரீம், எண்ணெய், தண்ணீர் எது பட்டாலும் கறுத்து இறுகும். பழம்பொருள் பாதுகாப்பாளர்கள் ஹைட்ராக்ஸிபுரோப்பைல் செல்லுலோஸ் என்ற பொருளை ஆல்கஹாலில் கரைத்துப் பூசிப் பொடி உதிர்வதைக் கட்டுப்படுத்துவார்கள், தோலின் பழைய பலம் திரும்பாது. அப்படிப்பட்ட பையைத் தோளில் மாட்டாமல், பிளாஸ்டிக் உறையில் போடாமல், பருத்தி உறைக்குள் படுக்கவைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி