வலியை அமுக்க மாத்திரை கொடுக்காதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

வளைகுடாவில் இருக்கும் உங்கள் ஊர் அண்ணன் ஒருவர் கபடி அணிக்குப் பணம் அனுப்பியிருக்கிறார், அதில் பையன்களுக்கு என்ன பவுடர் வாங்கலாம் என்று போனில் கேட்டாய். யோசித்து எழுதுகிறேன் என்றேன். எழுதியதைப் பொதுவில் போட உன்னிடம் சம்மதம் கேட்டதற்குக் காரணம் உண்டு. நம் ராமநாதபுரம் கரையில் பாம்பனிலிருந்து தொண்டி வரைக்கும் உன்னைப் போல, கடலுக்கும் போய்க்கொண்டு சாயங்காலம் பள்ளிக்கூடப் பையன்களைச் சேர்த்து ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

பவுடர் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். வாங்காதே. 50 கிலோ எடையுள்ள, தினமும் ஆடுகிற பையனுக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் கிடைத்தால் தாராளம். 100 கிராம் சாளை மீனில் ஏறக்குறைய 20 கிராம் இருக்கிறது, ஒரு முட்டையில் 6 கிராம். முள்ளோடு தின்னும் நெத்திலியில் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்தே வருகிறது. சூடையும் சாளையும் கரையில் வந்து இறங்குகிற ஊரில் டப்பா பவுடருக்குக் காசைக் கொட்டுவானேன்? அந்தப் பணத்தில் ஆட்டம் முடிந்ததும் கேப்பைக் கூழும் அவித்த முட்டையும் கொடு. இன்னொன்று, லேபிளில் எழுதாத சரக்கு கலந்த பவுடரும் சந்தையில் உண்டு. பின்னாளில் பையன் பெரிய போட்டிக்குப் போய் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால், தெரியாமல் சாப்பிட்டேன் என்று சொல்வதால் மட்டும் தப்பிக்க முடியாது. உடம்புக்குள் போனது எதுவானாலும் பொறுப்பு விளையாட்டு வீரனுடையது என்பதுதான் உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதி. நம் நாட்டில் 2022இல் இதற்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டது. வயது குறைவு என்பதற்காகச் சோதனை எடுக்காமல் விடுவதும் இல்லை.

உன்னிடம் நான் பேச நினைத்தது வேறு. போன மீன்பிடித் தடைக்காலத்தில் பக்கத்து ஊர்க் கபடிப் போட்டிக்கு வந்திருந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும், பள்ளிக்கும் லீவு, ஊரில் ஆள் நிறைய இருக்கும். நம் கரையில் போட்டி களைகட்டுவது அந்த நாட்களில்தான். பத்தாவது முடித்த பையன், எதிரணிப் பக்கம் பாடிப் போகிற நல்ல ரெய்டர், அங்கே போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துத் திரும்பும்போது கணுக்கால் மடங்கிவிட்டது. வெளியே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ஒருவர் ஸ்ப்ரே அடித்தார். இன்னொருவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து இரண்டு மாத்திரையைப் பிதுக்கிக் கையில் வைத்து, "ஒண்ணும் இல்லடா, போட்டுட்டு எந்திரி" என்றார். பையன் சாயங்காலத்திலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. சோடாவை ஊற்றி விழுங்கினான். பத்து நிமிஷத்தில் நொண்டிக்கொண்டே உள்ளே போனான். கூட்டம் விசிலடித்தது.

மாத்திரை கொடுத்தவர் கெட்டவர் இல்லை. அந்தப் பையன் மேல் உயிரையே வைத்திருக்கிற ஆள். எனக்குக் கவலையே அதுதான். போதைப் பொருளை எவனோ ஒரு வில்லன் வந்து கையில் திணிப்பான் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். முதல் மாத்திரையைக் கொடுப்பது பெரும்பாலும் பிரியமான கைதான்.

கணுக்கால் மடங்கும்போது எலும்புகளைப் பிடித்திருக்கிற தசைநார் இழுபடுகிறது, சில சமயம் கிழிகிறது. அது ஒட்டி வலுப்பெறச் சில வாரமாவது ஆகும். அதுவரை அந்தக் காலில் பாரம் போடாதே என்று உடம்பு சொல்வதுதான் வலி. மாத்திரை போட்டால் வலி அடங்கும், கிழிசல் அங்கேயே இருக்கும், அதன் மேலேயே ஏறி மிதிப்பான். பிறகு காலத்துக்கும் மடங்கிக்கொண்டே இருக்கிற கணுக்கால்தான் மிச்சம். கடையில் கேட்டவுடன் கிடைக்கிற வலி மாத்திரைகள் பலவற்றை வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றில் புண் வரலாம். மே மாத வெக்கையில் வேர்த்து ஊற்றி, உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது போட்டால் சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தம் குறைந்து அதுவே பழுதாகலாம். சின்ன வயசு, தாங்கும் என்பதெல்லாம் சும்மா.

கால் ஆறிவிடும். ஆனால் அன்று ராத்திரி அவன் மனசில் ஒரு பாடம் ஏறிவிட்டது. உடம்பு முடியாது என்று சொன்னால் அதன் வாயை அடைக்க ஒரு பொருள் உண்டு என்ற பாடம். அப்புறம் அதே பாடத்தை வெவ்வேறு பேரில் கேட்பான். எடை கூடிவிட்டதா, சிறுநீரை அதிகம் பிரிய வைக்கிற நீர் மாத்திரை போடு. சின்ன வயசுப் பையன்கள் ஆடுகிற சப் ஜூனியர் பிரிவுக்கு எடை வரம்பு உண்டு என்பதால், முதல் நாள் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் ஓடி, அதுவும் போதாமல் நீர் மாத்திரை விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மாத்திரை ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இருக்கிறது. உப்புச் சத்து குறைந்து இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். தம் கட்டவில்லையா, ஜிம்மில் ஒரு ஊசி இருக்கிறது என்பார்கள். அது ஆபரேஷன் தியேட்டரில் ரத்த அழுத்தம் இறங்கினால் டாக்டர் போடுகிற மருந்து. நன்றாக இருக்கிற பையனுக்குப் போட்டால் இதயம் எப்படித் துடிக்கும் என்று நீயே யோசி. உடம்பு ஏறவில்லையா, ஸ்டீராய்டு. வளர்கிற வயதில் அது எலும்பின் வளரும் முனையை முன்கூட்டியே மூடிவிடும், வளர வேண்டிய உயரம் அதோடு நின்றுபோகும். பதற்றமா, உதட்டுக்குள் கூல் லிப் என்கிற புகையிலைப் பொட்டலம். தூக்கம் வரவில்லையா, ஒரு இழுப்பு கஞ்சா. இதில் எதையும் யாரும் போதை என்று பேர் சொல்லிக் கொடுப்பதில்லை.

நம் கரைக்கென்று இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, உனக்குத் தெரியாததில்லை. தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். கஞ்சா, மாத்திரை என்று பிடிபடுகிற செய்தி நம் பக்கம் வந்துகொண்டே இருக்கிறது. நன்றாக ஓடத் தெரிந்த, கரையின் சந்துபொந்தெல்லாம் தெரிந்த, கையில் காசில்லாத பையனைத்தான் கடத்தல்காரர்கள் தேடுவார்கள். இந்தப் பையை அங்கே கொடுத்துவிட்டு வா, ஷூ வாங்கக் காசு தருகிறேன் என்பார்கள். 20 கிலோவுக்கு மேல் கஞ்சா என்றால் குறைந்தது 10 வருஷம் என்கிறது 1985ஆம் வருஷப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். நம் மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதை நம்பித்தானே எத்தனையோ அம்மாக்கள் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புகிறார்கள்? ஒரு வழக்கு பதிவானால் போலீஸ் விசாரணையிலேயே அந்தக் கனவு நின்றுவிடும். ஷூ இல்லாத பையன் யார் என்று நீ முதலில் தெரிந்துகொள். வளைகுடா அண்ணன் பணத்தில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

ஜூன் 26, போதை எதிர்ப்பு நாள் வந்தால் பள்ளியில் நாங்களும் பிள்ளைகளைப் பதாகையோடு ஊர்வலம் கூட்டிப்போகிறோம். நல்ல விஷயம்தான், செய்யத்தான் வேண்டும். ஆனால் ஊர்வலத்தில் நடந்த அதே பையன் ராத்திரி ரெண்டு மணிக்கு மூன்றாவது மேட்ச்சுக்காக எனர்ஜி டிரிங்க் குடித்துக் கண் விழித்திருக்கிறான். அந்த வயதுக்கு 8 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். போட்டி நடத்துகிற கமிட்டியில் உன் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது. பள்ளி மாணவர் ஆடுகிற மேட்ச்சை ராத்திரி பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள் என்று சொல். மைதானத்து ஓரத்தில் பாட்டில் திறக்கக்கூடாது என்று சொல். ஜெயித்த அணியைப் பெரியவர்கள் "கவனிக்கிற" வழக்கத்தை நிறுத்து. கோபப்படுவார்கள், படட்டும்.

அடிபட்ட பையன் அன்றைக்கு மறுபடி உள்ளே போகக்கூடாது. ஃபைனலாக இருந்தாலும் சரி. பரிசுத் தொகை போனாலும் சரி. காலைத் தூக்கி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, கட்டுப் போட்டு, காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. நாலடி வைத்து நடக்க முடியவில்லை என்றால் காலை வரைக்கும் காத்திருக்காதே, எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மாத்திரை தேவையா என்று டாக்டர் சொல்லட்டும். பெரிய போட்டிக்குப் போகிற பையன் என்றால் அதையும் டாக்டரிடம் சொல். சாதாரணச் சளி மருந்து சிலவற்றில் இருக்கும் சூடோஎபெட்ரின்கூடப் போட்டி நேரத்தில் அளவு மீறினால் தடைதான்.

ஏற்கெனவே பழகிவிட்ட பையன் ஒருவன் உன் அணியில் இருக்கிறான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாய். தயவுசெய்து அவனை அணியிலிருந்து தூக்கிவிடாதே. சாயங்காலம் அவன் கஞ்சா கூட்டத்தோடு இல்லாமல் இருக்கிற ரெண்டு மணி நேரம் உன் மைதானத்தில்தான். அதையும் பறித்துவிட்டால் அவன் எங்கே போவான்? எல்லார் முன்னாலும் கேட்காதே. தனியாகக் கூப்பிட்டுப் பேசு, கேட்டுக்கொள், அடிக்காதே. அவன் அம்மாவிடம் நீயே போய்ச் சொல், அவனையும் கூட வைத்துக்கொண்டு. 14446 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் காசு கிடையாது, போதை மீட்பு பற்றி வழி சொல்வார்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல டாக்டர்கள் இருக்கிறார்கள். தனியாகப் போகக் கூச்சப்பட்டால் நான் கூட வருகிறேன், என் நம்பர் அவனிடம் கொடு. தேறி வருவதற்குள் ஒன்றிரண்டு தடவை சறுக்குவான். அப்போதும் வாசல் திறந்திருக்கட்டும்.

ஐஸ் பை, கிரேப் பேண்டேஜ், டேப் எல்லாம் பெரிய செலவில்லை, நானே வாங்கி வருகிறேன். கட்டுப் போடுவதைப் பையன்களுக்கே சொல்லிக்கொடுத்துவிடலாம். சனிக்கிழமை நீ கடலுக்குப் போனால் அசந்துபோய் வருவாய், அதனால் அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வருகிறேன். மாத்திரை கொடுத்த அண்ணனையும் வரச் சொல், அவரிடம்தான் முதலில் பேச வேண்டும்.

அன்புடன்,
உன் பி.டி. சார்