பரணிலிருந்து வந்த ஸ்பூல்கள்
அன்பு ரசிகர்களே, மூத்த உறுப்பினர் ஒருவர் பரணிலிருந்து எடுத்துத் தந்த, பழைய கர்நாடக இசைக் கச்சேரிகள் பதிவான 11 ஸ்பூல்களில் (ஒலிநாடாச் சுருள்களில்) 4 கணினிக்கு ஏறிவிட்டன. ஒன்றில் தனி ஆவர்த்தனத்துக்கு (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதிக்கு) நடுவே யாரோ வெற்றிலைப் பெட்டியை மூடும் சத்தம்கூடக் கேட்கிறது!

ஒலி எதையும் இழக்காத ஃபிளாக் (FLAC) கோப்பாகத்தான் பகிர்கிறோம். எம்பி3 ஆக்கி மறுபடி ஃபிளாக் ஆக்காதீர்கள், எம்பி3-இல் போன ஒலி திரும்பாது. நாடா வேகமாக ஓடினால் சுருதி ஏறிவிடும், பாடகர் எம்.டி.ராமநாதன் போலக் கீழ்ச்சுருதியில் பாடியவரின் குரலே வேறாகிவிடும். அந்தந்தப் பாடகரின் வேறு கச்சேரியோடு ஒப்பிட்டு, வேகம் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பாட்டுப் பட்டியல் எழுதும்போது ராகம் தெரியாவிட்டால் காலியாக விடுங்கள். ஊகித்து எழுதிய பெயர் பத்துக் குழுக்களுக்குப் பரவிவிடுகிறது. அப்புறம், கடையில் கிடைக்கும் ஆல்பங்களை இங்கே போடவேண்டாம். எதையும் யாரும் விற்கவும் கூடாது.

மீதி 7 ஸ்பூல்களுக்குக் கேட்டுப் பட்டியல் எழுத இருவர் வேண்டும்.