ரூட்டுக்கும் ஒரு பூட்டு

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்துக்கு அலாரம் வைத்து எழுந்திருக்கிறாயாமே! பரீட்சைக்குக்கூட நீ அலாரம் வைத்ததில்லை.

சரி, உன் புது மேக் விவகாரத்துக்கு வருகிறேன். பின் (/bin) என்ற கோப்புறையில் இருக்கிற, நாம் அடிக்கிற கட்டளைகளை ஓட்டும் பழைய பேஷ் 3.2-ஐத் தூக்கிவிட்டுப் புதியதை வைக்கப் போனாய். சுடோ போட்டு முழு அதிகாரம் கேட்டும் மேக் முடியாது என்று கையை விரித்துவிட்டது. "காசு கொடுத்து வாங்கினவன் நான், இது யாரு என்னைத் தடுக்க?" என்று இரண்டு பக்கத்துக்குப் பொரிந்திருக்கிறாய். அது கோளாறு இல்லை. 2015-இல் எல் கேப்பிட்டன் என்ற மேக் பதிப்பு வந்ததிலிருந்தே அப்படித்தான். சிஸ்டம் இன்டெக்ரிட்டி புரொடெக்‌ஷன் என்று பெயர். சிஸ்டம், பின், எஸ்பின், யூஎஸ்ஆர் கோப்புறைகளில் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கே கை வைத்தாலும், சிஸ்டத்தின் மையமான கர்னல் விடாது. 2019-இல் கேட்டலினா பதிப்பில் சிஸ்டத்தை வட்டில் ஒரு தனி வால்யூமாகப் பிரித்து, படிக்க மட்டும்தான் என்று ஆக்கினார்கள். அடுத்த வருடம் பிக் சர்ரில் அதற்குச் சீலும் வைத்துவிட்டார்கள். மேக்கைப் பழுது பார்க்கும் ரிக்கவரி மோடில் போய் இதை அணைக்க வழி இருக்கிறது. அணைக்காதே.

எனக்கும் இந்தக் கெடுபிடி பிடிக்காமல்தான் இருந்தது, போன மாதம் வரை.

ராத்திரி பதினொரு மணி. லினக்ஸ் சர்வரில் ரூட்டாக உட்கார்ந்திருந்தேன். வெப்சைட் கோப்புறைக்கும் அதற்குள் இருப்பதற்கும் மட்டும், அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையில் 777 (யாரும் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம்) போட நினைத்தேன். (777 போட்டதே தப்பு, தெரியும், திட்டாதே.) முதல் சாய்கோட்டுக்கு அப்புறம் ஒரு இடைவெளி விழுந்துவிட்டது. சாய்கோடு தனியாக நின்றால் எல்லாக் கோப்புறைக்கும் தலை என்று அர்த்தம். அவ்வளவுதான், மொத்த சிஸ்டத்துக்கும் 777. நிறுத்த கன்ட்ரோல் சி அடிப்பதற்குள், அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசியும் நிரல்கள் இருக்கும் யூஎஸ்ஆரும் போய்விட்டன. கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளையாக இருந்திருந்தால் மறுத்திருக்கும். 2006 வாக்கிலேயே, இந்தக் கட்டளைகளை எழுதிய குனு ஆட்கள் அதற்கு அந்தத் தடையை இயல்பாகவே வைத்துவிட்டார்கள். சிஎச்மாட்டுக்கும் அதே ஆப்ஷன் உண்டு, ஆனால் நாமாகப் போட்டால்தான் வேலை செய்யும். யார் போடுகிறார்கள்?

ஒரு கோப்பும் அழியவில்லை, ஆனால் எதுவும் ஓடவில்லை. சுடோவை ரூட்டாக ஓட வைக்கும் செட்யூஐடி பிட் போனதால் அது செத்துவிட்டது. சர்வரின் சாவிக் கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று ஆனதால், தூரத்திலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் புதிதாக யாரையும் உள்ளே விடவில்லை. திறந்திருந்த அந்த ஒரு ஜன்னல்தான் உயிர். நெட் போய்விடுமோ என்று பாத்ரூம்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தேன். நல்லவேளை, அதே மாதிரி இன்னொரு சர்வர் இருந்தது. அதிலிருந்து கெட்ஃபேக்ல் மூலம் எல்லா அனுமதிகளையும் எழுதி எடுத்து, இதில் செட்ஃபேக்ல் ரெஸ்டோர் கொடுத்தேன். விடியற்காலை மூன்றரை.

பயத்தில் மறுநாளே ஈடிசியில் முக்கியமான கோப்புகளுக்கெல்லாம் சாட்டர் பிளஸ் ஐ என்ற பூட்டைப் போட்டேன். அது இருந்தால் ரூட்டாலும் அழிக்கவோ எழுதவோ அனுமதியை மாற்றவோ முடியாது. மூன்று வாரம் கழித்து, புதிதாகச் சேர்ந்த பையனுக்கு ஒரு கணக்கு திறக்கப் போனால் முடியவில்லை. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஸில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான், கணக்குகள் எழுதியிருக்கும் பாஸ்வேர்டு கோப்பை நானே பூட்டியது ஞாபகம் வந்தது. அந்தப் பூட்டைக் காட்டும் எல்எஸ்ஏட்டர் போட்டதும் அந்த 'ஐ' பல்லைக் காட்டியது.

லினக்ஸில் ரூட் போட்ட பூட்டை ரூட்டே மைனஸ் ஐ போட்டுத் திறந்துவிடலாம். என் மாதிரி கைதவறும் ஆளுக்கு அது போதும், திருடனுக்குப் போதாது. பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையை எழுதிய ஆட்கள் 4.4பிஎஸ்டி பதிப்பிலேயே, அதாவது தொண்ணூறுகளிலேயே இதை யோசித்துவிட்டார்கள். செக்யூர்லெவல் என்ற பாதுகாப்பு நிலையை ஏற்றிவிட்டால், மாற்றக் கூடாது என்று சிஸ்டம் கொடி போட்ட கோப்பை ரூட்டும் தொட முடியாது, ஓடும்போது லெவலை இறக்கவும் முடியாது. பராமரிப்புக்கான சிங்கிள் யூஸர் மோடில் போய்த்தான் கழற்ற வேண்டும். ஓபன்பிஎஸ்டியில் லெவல் 1 இயல்பாகவே உண்டு. ஆப்பிள்காரர்கள் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி நீ கோபப்பட்டதால் சொல்கிறேன்.

உன் பேஷுக்கு வழி ரொம்பச் சின்னது. புதியதை யூஎஸ்ஆர் லோக்கலில் போடு, யூஎஸ்ஆருக்குள் இருந்தாலும் அந்த இடத்துக்குப் பூட்டு இல்லை. கட்டளைகளை எங்கெங்கே தேடுவது என்று சொல்லும் பாத் பட்டியலில் அந்த இடத்தை முன்னால் வை. பழையது அது பாட்டுக்குக் கிடக்கட்டும்.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாயா? வந்தால் மேக்கையும் தூக்கிக்கொண்டு வா. அம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
உன் பழைய லேப் பார்ட்னர்